பாக்குமட்டைத் தட்டும் தனம் அக்காவின் கையெழுத்தும்

“…எழுதித் தர மாட்டேன்னு நான் சொல்லல லா தங்கச்சி. பொய் எழுத மாட்டேன்னுதான் சொல்றேன். ரெண்டும் ஒண்ணா?” என்றார் தனம் அக்கா.

மலேசியாவின் கிள்ளான் நகரில் அவருடைய வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. வியாழக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. மதியக் கூட்டம் வடிந்து, மேசை துடைக்கிற ஈரத்துணியின் வாசம் வந்துகொண்டிருந்தது. நான் ஒரு கையில் பேனாவும் இன்னொரு கையில் தாளுமாக நின்றிருந்தேன். தாளின் மேல்பகுதியில் நாலைந்து கேள்விகள் அச்சாகியிருந்தன. கீழே கடைக்காரரின் கையெழுத்துக்கு இடம். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அது நிரம்பாவிட்டால், நான் கடல் தாண்டி வந்தது வெறும் ஊர் சுற்றலாகப் போய்விடும்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சேலம் பக்கம் வாழப்பாடி. பாக்குத் தோப்பில் உதிரும் மட்டையை வாங்கிக் கழுவி, சூடான அச்சில் அழுத்தித் தட்டும் கிண்ணமும் செய்கிறேன். நாலு அச்சு இயந்திரம், ஆறு பெண்கள். பத்தாவதோடு படிப்பு நின்றது. அச்சைக் கழற்றிப் பூட்டுவதையும் ஆங்கிலம் பேசுவதையும் கைபேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். இரண்டிலும் இன்னும் அவ்வப்போது கை சுடும்.

கல்யாண மாதங்களில் எங்களுக்குத் தலை சொறிய நேரமிருக்காது. ஆடியும் மார்கழியும் வந்தால் அச்சு ஆறிக் கிடக்கும். ஆறு பேரும் வேறு வேலை தேடிப் போவார்கள். போன மார்கழிக்குப் போன ஒருத்தி தை பிறந்தும் திரும்பி வரவில்லை. இன்னொருத்தியைத் தேடிப் பழக்கி எடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. வெளிநாட்டு ஆர்டர் இருந்தால் அந்த இரண்டு மாதமும் அச்சு ஆறாது.

வளரும் நாடுகளின் இளம் தொழில்முனைவோருக்கு மலேசியாவில் இரண்டு வாரப் பயிற்சி என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தது அதற்காகத்தான். பயிற்சியை முழுதாக முடித்தால் ஒரு வருடம் கூடவே ஒரு வழிகாட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ்களுக்கு உதவி, வெளிநாட்டுக் கடைக்காரர்களோடு அறிமுகம் எல்லாம் உண்டு. வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு முப்பத்து நாலு முடிந்து எட்டு மாதம். “இளம்” என்ற சொல்லின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது.

நிபந்தனை ஒன்றே ஒன்று. உள்ளூர்க் கடை ஒன்றில் நம் பொருளை நிஜமாகப் பயன்படுத்திக் காட்டி, “இதை மறுபடியும் வாங்குவேன்” என்று கடைக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

பயணத்தில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. இடங்களைப் படம் எடுப்பதைவிட, மனிதர்கள் பேசுவதைக் கைபேசியில் குறித்து வைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். முதல் நாளே ஒன்று கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து என்னை ஏற்றிவந்த கார்க்கார அங்கிளிடம் வானிலை எப்படி என்று கேட்டேன்.

“பன்னெண்டு மணிக்கு வெயில், நாலு மணிக்கு மழை, நடுவுல ரெண்டு மணிக்கு ரெண்டும். குடை எதுக்குன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க லா. ஆமா, என்ன பிஸ்னஸ்?”

“தட்டு அங்கிள்.”

“தட்டு மட்டுமா? சாப்பாடு இல்லையா?” என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே அடுத்த சிக்னல் வரை சிரித்தார்.

தங்கிய இடம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். புடவைக் கடை, பூக்கடை, வாழையிலைச் சாப்பாடு, கோயில், சர்ச், தலைக்கு மேலே மோனோரயில். தமிழிலேயே காலை முதல் மாலை வரை ஓட்டிவிடலாம். ஆனால் தேநீர் விஷயத்தில் ஊர் மாறிவிட்டது தெரியும். நம்மூர் டீ இரண்டு வாயில் முடிந்துவிடும். இங்கே ஒரு குவளை தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரரின் குடும்பக் கதை பாதி தெரிந்துவிடுகிறது.

அறைத்தோழி நகாட்டோ, உகாண்டாக்காரி, இருபத்தாறு வயது. அன்னாசியையும் பலாவையும் வெயிலில் உலர்த்தி விற்பவள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு சாலைகளில் வந்து ஒரு முக்கில் சந்தித்துக்கொள்ளும். இரண்டாம் நாள் நான் தட்டுப் பெட்டியைத் திறந்ததும் அவள் மூக்கைச் சுருக்கினாள்.

“உன் பொருள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது” என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். கோலாலம்பூர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை மட்டை உறிஞ்சியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். நகாட்டோ முடி உலர்த்தும் கருவியை எடுத்தாள். கட்டில், நாற்காலி, ஜன்னல் ஓரம் எல்லாவற்றிலும் தட்டுகளைப் பரப்பி, ஒவ்வொன்றாகச் சூடு காட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விரலைவிடக் கன்னத்துக்குத்தான் ஈரம் தெரியுமாம், அவள் தொழிலில் அப்படித்தான் பார்ப்பார்களாம். மாலைக்குள் அத்தனையும் சுக்காகிவிட்டன. அறைதான் பாக்குத் தோப்பு மாதிரி மணந்தது. போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு.

வகுப்புகள் சுபாங் ஜெயாவில். பத்துப் பன்னிரண்டு நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவர்கள். முதல் பயிற்சியே உங்கள் தொழிலை மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள் என்பது. எனக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. ஒருங்கிணைப்பாளர் ஷாலினி கோலாலம்பூர்த் தமிழ்ப்பெண், கெட்டிக்காரி. கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, “அக்கா, நீங்க மட்டையப் பொறுக்கி முடிக்கறதுக்குள்ள எங்களுக்கு லஞ்ச் டைம் வந்துருச்சு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

வாழப்பாடியில் உட்கார்ந்து நான் எழுதி அனுப்பிய திட்டம் இதுதான்: வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் இலைக்குப் பதிலாகப் பாக்குமட்டைத் தட்டு. கிழியாது, ஓட்டை விழாது, ரசம் ஓடாது. எழுதும்போது எவ்வளவு நன்றாக இருந்தது! பிரிக்பீல்ட்ஸில் படியேறிய கடைகளில் ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. ஒரு முதலாளி இரண்டு கைபேசிகளுக்கு நடுவே சொன்னார்: “தங்கச்சி, மத்தியானம் வந்து பாருங்க. நான் மூச்சு விடறதுக்கே தனியா ஒரு ஆள் போடணும். இதுல தட்டு மாத்தச் சொல்றீங்க.” அதையும் குறித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் நகாட்டோ ஒரு பலகாரக் கடையில் தன் உலர்ந்த பலாவைக் காட்டி, புதன்கிழமையே கையெழுத்து வாங்கிவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினேன். மனசுக்குள் கொஞ்சம் புகைந்ததையும் மறைக்க விரும்பவில்லை. கடைசியில் ஷாலினிதான், தன் வீட்டார் வழக்கமாகச் சாப்பிடும் கிள்ளான் கடையில் பேசி, வியாழக்கிழமை மதியத்துக்கு எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் நான் ரவாங் போய்ச் சேர்ந்தேன்.

கிள்ளான் மேற்கே, ரவாங் வடக்கே. இரண்டும் ஒரே தடம்தான். பெட்டியைச் சுமந்துகொண்டு, கூட்டம் எந்தப் பக்கம் ஏறியதோ அந்தப் பக்கம் நானும் ஏறிவிட்டேன். மகளிர் பெட்டி, நல்ல குளிர், உட்கார இடம். நம்மூர் பாசஞ்சர் வண்டியில் தொங்கிப் பழகியவளுக்கு அந்தச் சுகத்தில் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைகள். பக்கத்தில் சீருடையோடு இருந்த ஓர் அக்காவிடம் கிள்ளான் எப்போது வரும் என்று கேட்டேன்.

“கிள்ளானா? அது உங்க முதுகுப் பக்கம் இருக்கு” என்றார் அவர். ரவாங்கில் என்னோடு இறங்கி, பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து எதிர் நடைமேடை வரை தூக்கிவந்து, தன் பையிலிருந்த கறி பப், நம்மூர் பஃப்ஸ் மாதிரி ஒன்றை, என் கையில் திணித்தார். “அழுவாதீங்க லா. ரயிலு திரும்பிப் போய்த்தானே ஆகணும், அதுல நீங்களும் போங்க. இந்தத் தடவை தூங்காதீங்க, அது போதும்.”

நான் அழவில்லை. அழப்போகிற முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கடைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டே கால். பத்து மணிக்கு வந்து, பரிமாறுபவர்களோடு ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கெல்லாம் நேரமே இல்லை. தனம் அக்கா ஐம்பது வயதுக்காரர், கல்லாவில் இருந்தபடி முழுக் கடையையும் கண்ணால் ஓட்டுகிறவர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரவாங் போய்ட்டு வந்தீங்களாமே, ஷாலினி போன் பண்ணுச்சு. ஊரு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “மணி, அந்த மூணு வரிசைக்கு இலை போடாத. தட்டு போடு” என்றார்.

மணி அண்ணன் திருவாரூர்ப் பக்கத்துக்காரர், அந்தக் கடையில் பதினைந்து வருடமாகப் பரிமாறுகிறவர். தட்டைப் போட்டார். சோறு, சாம்பார், பாகற்காய் வறுவல், கீரை, ஆட்டிறைச்சிப் பிரட்டல். முதல் பத்து நிமிடம் நான் நினைத்ததைவிட நன்றாகவே போயிற்று. “கனமா இருக்கு, நல்லா இருக்கு” என்று ஒரு டீச்சர் தட்டைத் தட்டிப் பார்த்தார். ரசம் ஓடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன் பிறகுதான் கூத்து தொடங்கியது.

ஜன்னல் ஓரம் இருந்த பெரியவர் சாப்பிட்டு முடித்துவிட்டுக் கையை உயர்த்தி உட்கார்ந்திருந்தார். மணி அண்ணன் வந்து சோறு வைத்தார். “போதும்யா” என்றார் பெரியவர். மணி அண்ணன் அந்தப் பக்கம் போக, இன்னொருவர் வந்து சாம்பார் ஊற்றினார். டீச்சரோ போதும் என்பதற்கு அடையாளமாகத் தட்டின் மேல் காகிதத் துண்டை விரித்தார். அது விழுந்துவிட்டது என்று நினைத்து அதை எடுத்துவிட்டு அவருக்கும் கீரை வைத்தார்கள். நடு மேசையிலிருந்த துறைமுக வேலைக்காரர் போன் பேச வெளியே போய்த் திரும்பினால் அவர் தட்டே இல்லை.

“யாரு லா என் தட்ட எடுத்தது? எலும்ப கடைசிக்குன்னு வச்சிருந்தேன்!”

“முடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன் பாஸ்.”

“மடிச்சேனா நான்? நான் மடிச்சேனா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலையை மடித்தால் சாப்பாடு முடிந்தது என்று பொருள். மடிக்காதவரை பரிமாறிக்கொண்டே இருக்க வேண்டும், எடுக்கவும் கூடாது. கடை முழுவதும் வாய் திறக்காமல் நடப்பது அந்த ஒரு மடிப்பில்தான். என் தட்டு மடங்காது. கிழியாது, ஓட்டை விழாது என்று பெருமையாக எழுதினேனே, மடங்காது என்பதை யோசித்தேனா?

நான் மட்டும் என்ன, பிறந்ததிலிருந்து இலை மடித்து எழுந்தவள்தான். ஆனால் என் தட்டு போகிற இடமெல்லாம் நின்றுகொண்டு சாப்பிடும் விருந்தும் கோயில் பிரசாதமும். தின்ற கையோடு தொட்டியில் போட்டுவிடுவார்கள். தட்டு செய்கிறவளாகவே யோசித்து யோசித்து, பந்தியில் உட்காருகிறவளை மறந்துவிட்டேன்.

கூட்டம் போனதும் அக்கா இன்னொன்றும் சொன்னார். “நான் யாரையும் சாப்பாடு எப்படின்னு கேக்கறதில்ல தங்கச்சி. கேட்டா எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவாங்க. இங்க இருந்தே இலையப் பாப்பேன். தன் பக்கமா மடிச்சிருந்தா சமையல் ஓகே. அந்தப் பக்கம் தள்ளி மடிச்சிருந்தா குசினிக்குள்ள போயி என்னான்னு பாப்பேன். இன்னைக்கு மூணு வரிசை எனக்குக் கண்ணு தெரியல.”

அதற்குப் பிறகும் நான் தாளை நீட்டினேன். “நல்லா இருந்துச்சுன்னு ஒரே வரி போதும் அக்கா. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல” என்று கெஞ்சினேன். அதற்குத்தான், பொய் எழுத மாட்டேன் என்ற அந்தப் பதில். வெட்கமாகப் போய்விட்டது. மீதித் தட்டுப் பெட்டியை மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ரயிலேறினேன். இந்தத் தடவை சரியான ரயில்.

அறைக்கு வந்தால் கைபேசியில் எங்கள் பட்டறைச் சாந்தியின் குரல் செய்தி. “அக்கா, கையெழுத்து வாங்கிட்டீங்களா? வாங்கிட்டீங்கன்னு இவளுங்க சொல்றாளுங்க. நீங்க பேசினா மரமே கையெழுத்துப் போடும்னு நான் சொன்னேன்.” பின்னணியில் மற்றவர்கள் சிரிக்கும் சத்தம். கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். நகாட்டோ ஒரு துண்டு உலர்ந்த பலாவை நீட்டி, “முதலில் மெல்லு. அப்புறம் கவலைப்படு. இரண்டையும் ஒரே வாயால் செய்ய முடியாது” என்றாள்.

வெள்ளிக்கிழமை கிள்ளான் போனேன், பெட்டியை எடுக்க மட்டும். கடை வாசலில் வியாழக்கிழமையைவிடப் பெரிய கூட்டம், அதில் பாதிப் பேர் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை அங்கே நண்டு நாள். நண்டுப் பிரட்டலைத் தபாவ், அதாவது கட்டி வாங்கிக்கொண்டு போக, மோட்டாரில் வந்து நிற்கிறார்கள். மோட்டார் என்றால் அங்கே பைக்.

நான் பெட்டியைத் தூக்கும்போதே ஒருவர் திரும்பி வந்தார். அலுவலகச் சட்டை, நல்ல கால்சட்டை. தொடையிலிருந்து முழங்கால் வரை சிவப்புக் குழம்பு.

“அக்கா! இந்த வாரமும் நண்டு பைய ஓட்ட போட்டுருச்சு. செத்தும் கடிக்குது லா உங்க நண்டு!”

“ரெண்டு பை போட்டேனே தம்பி.”

“ரெண்டு பையையும்தான் கடிச்சிருக்கு!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, “வாரா வாரம் நாலு பேராச்சும் இப்படி வர்றாங்க. தடிச்ச பை போட்டுப் பாத்தேன், பேப்பர் சுத்திப் பாத்தேன்” என்று மணி அண்ணனிடம் முணுமுணுத்தார்.

பெட்டி என் கையில்தான் இருந்தது. தட்டுகள் குலுங்கி உடையாமல் இருக்க, இடைவெளிகளில் சாந்தி கிண்ணங்களைத் திணித்து அனுப்பியிருந்தாள். காட்டுவதற்காக அல்ல, வெறும் அடைப்புக்காக. ஆழமான, கனத்த கிண்ணங்கள். நான் ஒன்றை எடுத்து, யாரையும் கேட்காமல், பக்கத்து மேசை இலையில் கிடந்த நண்டுக் கொடுக்கு ஒன்றால் உள்பக்கம் குத்தினேன். கொடுக்குதான் முறிந்தது.

அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். “அத இங்க கொடு” என்றார்.

அவரே நண்டை அள்ளி வைத்தார். இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடினார். சாய்த்துப் பார்த்தார். விளிம்பில் குழம்பு கசிந்தது. அக்கா உள்ளே திரும்பி, “மணி, இலை ஒண்ணு நெருப்புல காட்டிக் கொண்டா” என்றார். வாட்டிய இலையைக் கிண்ணத்துக்குள் அகலமாக விரித்து, அதில் நண்டை வைத்து, நான்கு பக்கமும் மேலே மூடி, அதன் மேல் இரண்டாவது கிண்ணத்தைக் கவிழ்த்து ரப்பர் போட்டார். மறுபடி சாய்த்தார். கசியவில்லை.

“இலைக்குப் பதிலா உன் சாமான்னு எழுதியிருந்த இல்ல? இலையும் வேணும் தங்கச்சி. இலை குழம்பப் பிடிக்கட்டும், உன் கிண்ணம் நண்டப் பிடிக்கட்டும்.”

நான் வாசலுக்கு ஓடி ஷாலினிக்குப் போன் செய்தேன். திட்டத்தில் எழுதியது தட்டு, இப்போது வேலை செய்வது கிண்ணம், இது செல்லுமா? தேர்வுக் குழுவிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்துவிட்டாள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் நான் குடித்தது இரண்டு தே ஓ ஐஸ், பால் சேர்க்காத ஐஸ் டீ, என்று மணி அண்ணன் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

“செல்லும் அக்கா” என்றாள் ஷாலினி. “ஆனா எது வேலை செய்யலன்னும் கடைக்காரங்க அவங்க வாயால சொல்லணுமாம். குழுத் தலைவர் சொன்னாரு, ‘தோத்ததையும் சொல்லச் சொல்லுங்கோ, அதுதான் எனக்கு வேணும்’னு. டைம் மட்டும் மாறாது. நாளைக்குப் பன்னெண்டு மணி.”

அந்த ஒரு வார்த்தையில் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. தாளோடு அக்காவிடம் ஓடினேன். அக்கா தாளைத் தொடவில்லை.

“இங்க ஒழுகல, சரி. இது கடை. என் கஸ்டமர் மேசைமேல வச்சா வீட்டுக்குக் கொண்டு போறாங்க? மேடு பள்ளத்துல போவாங்க லா. இன்னைக்கே எழுத மாட்டேன். நாளைக்குக் காலைல சொல்றேன்.” மிச்சமிருந்த கிண்ணங்களைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சுபாங் ஜெயா மண்டபத்தில் எல்லோரும் நல்ல உடையில் வந்திருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் குழுவினர் மூவர். தலைவர் யாழ்ப்பாண வழி வந்த ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, நெற்றியில் திருநீறு, முன்னால் நேர்க்கோட்டில் அடுக்கிய தாள்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நகாட்டோ தன் தாளைக் கொடுத்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பெயரைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள் ஷாலினி.

காலையிலிருந்து ஐந்து தடவை அக்காவைக் கூப்பிட்டிருந்தேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் அவருக்கு எப்படிப்பட்ட கூட்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு கையெழுத்துக்காகக் கடையை விட்டு யார் வருவார்கள்?

பதினொன்றே முக்காலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். காலித்தாளை மேசையில் வைத்தேன்.

“கையெழுத்து எங்கே பிள்ளை?” என்றார் தலைவர்.

“வரும் சார்” என்றேன். அவ்வளவு சின்ன வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து நிமிடம். எட்டு நிமிடம். ஷாலினி கதவருகே போய் நின்றுகொண்டாள். பிறகு திடீரென்று அவள் குரல்: “இந்தப் பக்கம் ஆன்டி, இந்தப் பக்கம்!”

தனம் அக்கா உள்ளே வந்தார். மோட்டார்க்காரர்கள் அங்கே நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க மேல்சட்டையைப் பின்பக்கம் முன்பக்கமாக மாற்றிப் போடுவார்கள். அந்தக் கோலத்தில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், கையில் ஒரு பையோடு. நெற்றியெல்லாம் வேர்வை.

“சாரி லா, லேட்டு. கிள்ளான்ல இருந்து ஹைவே மோட்டார்ப் பாதைல வந்தேன். நேரா வந்தா அரை மணி. நான் நேரா வரல” என்றார் மூச்சு வாங்க. “எங்க எங்க மேடு இருக்கோ, எங்க எங்க குழி இருக்கோ, அங்கெல்லாம் விட்டேன். பைய முன்னாடி கொக்கில மாட்டிக்கிட்டு.”

அக்கா வந்துவிட்டார். பையில் என்ன நிலைமையோ, வந்துவிட்டார்.

தலைவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “நீங்கள்தான் கடைக்காரரோ? இந்தப் பிள்ளையின் தட்டு உங்களுக்குச் சரிவந்ததோ?”

“இல்ல சார். தட்டு வேணாம். என் கடையில இலை மடிக்கணும், அது மடங்காது. வியாழக்கெழம என் கஸ்டமர் பாதிப் பேருக்கு வயிறு வெடிச்சிருக்கும்.” மண்டபத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அக்கா நிறுத்தவில்லை. “நேத்து அந்தப் பிள்ள பொய் எழுதச் சொல்லிக் கேக்கல. அதுக்கு முந்தின நாள் கேட்டுச்சு. நான் முடியாதுன்னேன். அப்பறம் அது கேக்கல. நண்டப் பாத்துச்சு.”

“அப்படியென்றால் எதை வாங்கப் போகிறீர்கள்?”

அக்கா பையைத் திறந்தார். உள்ளே கைவிட்டு, ரப்பர் போட்ட இரண்டு கிண்ணங்களை ஒன்றாக எடுத்தார். நண்டுப் பிரட்டல் வாசம் மேசை முழுவதும் பரவியது. குழுவிலிருந்த ஓர் அம்மா தன் தாள்களைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். அக்கா கிண்ணத்தை வெள்ளைத் துணியின் மேல் வைக்கவில்லை. என் காலித்தாளின் மேல், கையெழுத்துக்கென்று விட்டிருந்த இடத்தில், அழுத்தி வைத்தார். ஒரு நிமிடம் அப்படியே விட்டார். பிறகு கிண்ணத்தைத் தூக்கி, தாளை இரண்டு கையாலும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, எங்காவது எண்ணெய் வட்டம் தெரிகிறதா என்று ஒரு கண்ணைச் சுருக்கி நிதானமாகப் பார்த்தார். தாளைத் திரும்ப மேசையில் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தலைவரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே உருவிக் கையெழுத்துப் போட்டார்.